காதை மூடினால் மட்டும் போதுமா?

தீம் பார்க்கில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: ‘அடம்’, அல்லது ‘நாலு தடவை கூட்டிட்டு வந்தா பழகிடும்’. முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவது, கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது; மின்விசிறிச் சத்தம் சற்று நேரத்தில் நம் கவனத்திலிருந்து மறைந்துவிடுகிறதே. ஆனால், எல்லா மூளைக்கும் அது கைவருவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷுலமைட் கிரீன் குழுவினர், ஆட்டிசம் உள்ள சிறார்களுக்குப் போக்குவரத்து இரைச்சலை ஒலிக்கவிட்டும், சொரசொரப்பான கம்பளித் துணியைக் கையில் உரசியும் எம்.ஆர்.ஐ. மூலம் மூளையைக் கவனித்தார்கள். 2015இல் வெளியான முடிவு இது: புலன் மிகையுணர்வு அதிகம் உள்ளவர்களிடம், அபாயத்தை உணர்த்தும் அமிக்டலா கூடுதலாகத் தூண்டப்பட்டது, அதே சத்தமும் உரசலும் திரும்பத் திரும்ப வந்தபோதும் அந்தத் தூண்டல் தணியவில்லை. கூட்டத்துக்குள் தள்ளிவிட்டுப் பழகட்டும் என்று காத்திருப்பது இத்தகைய குழந்தையிடம் பலிக்காது.

அப்படியானால் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் போதுமா? உதவும், பூங்காவில் அணிவகுப்பு நடக்கும் நேரத்தில் கட்டாயம் வேண்டும். ஆனால், நாள் முழுக்கக் காதை அடைத்து வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. காது நலமாக உள்ள பெரியவர்களை இரண்டு வாரம் காதடைப்பானோடு நடமாடவிட்ட 2003ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களுக்கு ஒலிகள் முன்பைவிட உரக்கக் கேட்கத் தொடங்கின. அதைவிட முக்கியமான சான்று இன்னும் பழையது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1972இல் தொகுத்து வெளியிட்ட சோதனைகளில், சீரான இடைவெளியில் வந்த இரைச்சலைவிட, எப்போது வரும் என்று தெரியாத அதே அளவு இரைச்சல்தான் ஆட்களை அதிகம் களைக்கச் செய்தது. சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தானைக் கொடுத்தபோது, அதைத் தொடாதவர்கள்கூட அடுத்த வேலையைத் திறம்படச் செய்தார்கள். பெரியவர்களிடம் கண்டதைக் குழந்தைகளுக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். ஆட்டிசம் உள்ள மூளை முன்னனுபவத்தைக் கொண்டு அடுத்ததை ஊகிப்பதில் குறைவாகவே சாய்கிறது என்ற கருத்தை 2012இல் பெலிகானோ, பர் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அது சரியென்றால், எதிர்பாராமை இக்குழந்தைகளை இன்னும் கடுமையாகவே தாக்கும்.

ஆகவே பெற்றோர் தர வேண்டியவை இரண்டு: முன்னறிவு, நிறுத்தும் அதிகாரம். பென்சில்வேனியாவின் செசமி பிளேஸ், 2018இல் ஆட்டிசத்துக்கான சான்றிதழ் பெற்ற உலகின் முதல் தீம் பார்க் ஆனது. அங்கே ஒவ்வொரு சவாரியும் ஐம்புலன்களையும் எவ்வளவு தாக்கும் என்று 1 முதல் 10 வரை மதிப்பிட்ட கையேடு கிடைக்கிறது. அது இல்லாத ஊரில் சவாரியின் வீடியோவை முந்தைய நாளே காட்டலாம். படங்களை வரிசையாக ஒட்டி அன்றைய நிகழ்ச்சி நிரலைச் சொல்லலாம். நிறுத்தும் அதிகாரம்தான் கடினம். ‘போகலாம்’ என்பதற்கு ஒரு சைகையை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டு, குழந்தை அதைக் காட்டியதும் ‘இன்னும் ஒரே ஒரு ரைடு’ என்று இழுத்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாத பொத்தானாகிவிடும். அடுத்த முறை குழந்தை சைகை காட்டாது, அலறும். டிக்கெட் காசு வீணாகிறதே என்ற ஆதங்கம் புரிகிறது. அதனால்தான் முதல் பயணத்தை, கூட்டமில்லாத வார நாளில், பாதி நாளோடு முடிக்கத் திட்டமிட வேண்டும்.

வரிசையில் சலுகை கேட்பது மற்றவர்களுக்கு அநீதி இல்லையா? அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் முன்பு வழங்கப்பட்ட உதவி அட்டை தவறாகப் பயன்படுத்தப்பட்டது உண்மைதான். 2013 அக்டோபரில் அதை மாற்றி, திரும்பி வர வேண்டிய நேரத்தை மட்டும் குறித்துக்கொடுத்தார்கள். குழந்தையும் ஏறக்குறைய எல்லோர் அளவுக்கே காத்திருக்கும். நெரிசலுக்கு வெளியே காத்திருக்கும், அவ்வளவுதான். இத்தனை பாடுபட்டு ஏன் போக வேண்டும் என்பவர்கள், இக்குழந்தைகளுக்கு எல்லாத் தூண்டலும் வேதனை என்று நினைத்துவிடுகிறார்கள். கழிப்பறையின் கை உலர்த்தும் இயந்திரத்துக்கு நடுங்கும் குழந்தையே ரோலர் கோஸ்டரில் மறுபடி ஏறக் கேட்கலாம். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன் 29ஆவது பிரிவு, பொழுதுபோக்கில் சமமாகப் பங்கேற்கும் உரிமையைக் காக்கும் கடமையை அரசின்மேல் வைக்கிறது. எந்தச் சவாரி எவ்வளவு இரையும், எங்கே இருட்டு, எங்கே அமைதியாக உட்காரலாம் என்று ஒரு தாளில் அச்சடித்து நுழைவாயிலில் தர எந்தப் பூங்காவுக்கும் பெரிய செலவாகாது.