கணினியில் ஓட மறுக்கும் படங்கள்

தூர் வாருவதற்கு முன் வாய்க்கால் இருந்த நிலையைக் கைபேசியில் வீடியோப் படமாக எடுத்து வைப்பது நல்ல வழக்கம். அகற்றிய மண் எவ்வளவு என்ற கேள்வி பின்னால் எழுந்தால் அப்படமே சாட்சியம். ஆனால் அலுவலகக் கணினியில் அதைத் திறக்கும்பொழுது திரை கறுத்துக் கிடப்பதும், ஒலி மட்டும் கேட்பதும் உண்டு. படம் கெட்டுவிட்டதென்று எண்ணி அதை அழித்துவிடுவோரும் உளர். வாரிய வாய்க்காலை மறுபடியும் தூர்த்துப் படமெடுக்க இயலுமா? ஆகவே, காரணம் தெரியும்வரை கைபேசியிலுள்ள மூலப் படத்தைத் தொடலாகாது.

வீடியோ என்பது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்களின் தொடர். அவற்றை அப்படியே சேமித்தால் இடம் போதாது. எனவே கைபேசி அவற்றைச் சுருக்கி வைக்கிறது. கோப்பின் பெயரில் காணும் ‘எம்.பி.4’ என்பது கோணியின் பெயரே அன்றி, உள்ளிருக்கும் தானியத்தின் பெயர் அன்று. 2003-ஆம் ஆண்டு வெளியான எச்.264 என்ற சுருக்கு முறையும் அதனுள் இருக்கலாம். 2013-இல் வந்த எச்.265 முறையும் இருக்கலாம். பின்னது, அதே தெளிவுள்ள படத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் அடக்கிவிடும். ஆதலால் புதிய கைபேசிகள் பல அதனை உபயோகிக்கின்றன. ஆனால் அச்சுருக்கத்தை விரிக்கும் சாதனம் எல்லாக் கணினிகளிலும் இருப்பதில்லை. ஒலியைச் சுருக்கும் முறை வேறாதலால், பேச்சு கேட்கும்; காட்சி தோன்றாது.

இதற்குப் பரிகாரம் எளிது. 1996-இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருள், விரிக்கும் சாதனங்களைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. அதனை வெளியிடும் வீடியோலான் அமைப்பின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். கண்ட இடங்களில் கிடைப்பவற்றுடன் தீங்கு செய்யும் நிரல்களும் வந்து சேரலாம். பழைய கணினியில் படம் திக்கித் திக்கி ஓடினால், அது யந்திரத்தின் வலுக்குறைவு. வி.எல்.சி.யிலேயே உள்ள மாற்றும் வசதியால் எச்.264 பிரதியொன்றைத் தயாரித்துக்கொள்ளலாம். சிலர் கோப்பின் பெயரை ‘ஏ.வி.ஐ.’ என மாற்றிப் பார்க்கிறார்கள். கோணியின்மேல் நெல் என்று எழுதினால் உள்ளிருக்கும் கேழ்வரகு நெல்லாகிவிடுமா?

பிரதி முழுமையாக வந்து சேராததும் ஒரு காரணம். கைபேசியிலும் கணினியிலும் கோப்பின் அளவை ஒப்பிட்டால் இது விளங்கும். பென் டிரைவ் ‘ஃபேட் 32’ முறையில் அமைந்திருப்பின், 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. ‘எக்ஸ்ஃபேட்’ முறைக்கு மாற்றலாம். மாற்றும்பொழுது அதிலுள்ள யாவும் அழிந்துவிடும் என்பதால், முன்னரே வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்க.

மெய்யாகவே பழுதுபட்ட படங்களும் உண்டு. எந்தக் காட்சி கோப்பில் எங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணையைச் சாதாரணமாகப் படப்பிடிப்பை நிறுத்தும்பொழுதுதான் கைபேசி எழுதுகிறது. நடுவில் பாட்டரி தீர்ந்துவிட்டால், காட்சிகள் உள்ளே இருந்தும் அட்டவணை இராது, வி.எல்.சி.யும் கைவிரித்துவிடும். அப்பொழுதும் வழி முற்றும் அடைபடவில்லை. அதே கைபேசியில், அதே அமைப்பில் எடுத்த நல்ல படமொன்றை மாதிரியாக வைத்து, ‘அன்ட்ரங்க்’ போன்ற மென்பொருள்கள் அட்டவணையைத் திரும்ப அமைக்க முயல்கின்றன. எப்பொழுதும் பலிக்கும் என்பதில்லை. முயற்சியை மூலத்தின்மீது செய்யாமல் பிரதியின்மீதே செய்தல் வேண்டும்.

மண் அள்ளும் யந்திரம் வாய்க்காலில் இறங்குவதற்கு முதல் நாளே படத்தைக் கணினியில் ஏற்றி, தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றிடங்களிலும் ஓட்டிப் பார்த்துவிடலாம். குறை இருந்தால் மறுநாள் காலையில் மீண்டும் படமெடுக்க அவகாசமிருக்கும்.