சமர்த்தா நிக்குதா... பயந்து நிக்குதா?

செல்லப்பிராணி க்ரூமிங் தொழிலை மெஷினும் படிப்பும் மாற்றிய கதை

மேஜை மேல் ஒரு ஷிட்ஸு நாய். கழுத்தில் மெல்லிய வார். நாலு கால்களையும் ஊன்றிக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறது. கிளிப்பர் முதுகில் ஓடுகிறது, காதோரம் திரும்புகிறது, பாதத்துக்கு இறங்குகிறது. அது அசையவே இல்லை. மொபைலில் இப்படி ஒரு வீடியோ வந்தால், ‘அடடா, எவ்வளவு சமர்த்து!’ என்று ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம்.

முறையாகப் பயின்ற க்ரூமர் அதே வீடியோவை வேறு மாதிரி பார்ப்பார். உடம்பு விறைத்திருக்கிறதா? வால் உள்ளே ஒடுங்கியிருக்கிறதா? கண்ணின் வெள்ளைப் பகுதி ஓரமாகத் தெரிகிறதா? சாப்பிட எதுவும் இல்லாதபோதும் உதட்டை நக்குகிறதா? தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறதா? இதெல்லாம் சேர்ந்து தெரிந்தால், அந்த நாய் பயத்தில் உறைந்து நிற்கிறது என்று அர்த்தம். ஓட வழியில்லை, கடிக்கத் துணிவில்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பல் பட்டுவிட்டால், ‘திடீர்னு கடிச்சிடுச்சு’ என்பார்கள். உண்மையில் அது பத்து நிமிடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

நாயின் முடியை வெட்ட நூறு வருடங்களில் எத்தனையோ மெஷின்கள் வந்துவிட்டன. ஆனால், அது சொல்வதைக் காதில் வாங்கும் பாடம் இந்தத் தொழிலுக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

நதிக்கரையில் ஒரு கத்தரிக்கோல்

நாய்க்கு முடி வெட்டுவது நேற்று முளைத்த தொழில் அல்ல. 18, 19-ம் நூற்றாண்டுகளில் பாரிஸ் நகரின் ஸீன் நதிக்கரையிலும் பாலங்களின் ஓரத்திலும் நாய்களுக்கு முடி வெட்டுபவர்கள் கடை விரித்திருந்தார்கள். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. கையில் கத்தரிக்கோல், எதிரே ஆற்றுத் தண்ணீர், நாயைப் பிடித்துக்கொள்ள மடி. அவ்வளவுதான் முதலீடு. பூனைகளுக்குக் காயடிக்கும் வேலையையும் அவர்களேதான் செய்தார்கள். பார்த்துப் பழகியதுதான் படிப்பு.

அவர்கள் கைக்கு அடிக்கடி வந்தது பூடில் இனம். இன்று அழகுப் போட்டிகளில் பந்து பந்தாக முடியோடு வந்து நிற்கும் இந்த நாய், ஒரு காலத்தில் வேட்டைக்காரர் சுட்ட வாத்தைத் தண்ணீரில் நீந்திப்போய் எடுத்து வந்தது. ‘பூடில்’ என்ற பெயரே தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான். நனைந்த முடியின் கனம் நீந்த விடாமல் இழுக்கும் என்று பின்பக்கத்தை மழித்தார்கள். குளிர் தாக்காமலிருக்க மார்பிலும் மூட்டுகளிலும் முடியை விட்டுவைத்தார்கள். இன்றைய ஃபேஷன் வெட்டுக்குப் பின்னால் சொல்லப்படும் காரணம் இது.

சலூனிலிருந்து வந்த மெஷின்

1919-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம், ஸ்டெர்லிங் நகரைச் சேர்ந்த லியோ வால், மின்சாரத்தில் ஓடும் முடிவெட்டும் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மனிதர்களுக்கான சலூன்களை மனதில் வைத்துச் செய்யப்பட்ட கருவி அது. 1922-ல் ஆண்டிஸ், 1924-ல் ஆஸ்டர் என்று இரண்டு நிறுவனங்கள் விஸ்கான்சின் மாநிலத்தின் ரேசின் நகரில் தொடங்கப்பட்டன. இந்த மூன்று பெயர்களையும் இன்றும் க்ரூமிங் மேஜைகளில் பார்க்கலாம்.

மனிதத் தலைக்கு வந்த மோட்டார், கொஞ்ச நாளில் நாயின் முதுகுக்கும் வந்தது. கழற்றி மாட்டும் பிளேடுகள் வந்த பிறகு வேலை இன்னும் சுலபமானது. 10-ம் நம்பர் பிளேடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டும். 40-ம் நம்பர், அறுவைசிகிச்சைக்கு மழிப்பதுபோல ஒட்ட வெட்டிவிடும். நம்பர் ஏற ஏற முடியின் நீளம் குறையும். கத்தரிக்கோலோடு நெடுநேரம் மல்லுக்கட்டிய வேலை, சட்டென்று முடியத் தொடங்கியது.

அடுத்து வந்தது ப்ளோயர். சூட்டை நம்பாமல், காற்றின் வேகத்தாலேயே தண்ணீரையும் உதிர்ந்த முடியையும் தள்ளிவிடும் மெஷின். பிறகு ஏறி இறங்கும் மேஜை, ஒயர் இல்லாத கிளிப்பர், நகத்தைத் தேய்த்துவிடும் கிரைண்டர், தண்ணீர்த் தொட்டியோடு வாசலுக்கே வரும் வேன், மொபைலில் புக்கிங்...

இவையெல்லாம் தொழிலை வேகமாக்கின. ஆனால், பயிற்சி இல்லாத கையில் வேகமே ஆபத்து.

தொடர்ந்து ஓடும் பிளேடு சூடாகும். வெட்டுபவர் நடுநடுவே அதைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்காவிட்டால், நாயின் அடிவயிற்றுத் தோல் சிவந்து புண்ணாகும். ஒரு நாயின் தோலில் இருக்கும் படர்தாமரைப் பூஞ்சை, சுத்தம் செய்யாத பிளேடு வழியாக அடுத்த நாய்க்குப் போகும். வீட்டுக்கு வந்து குழந்தையின் கையிலும் ஏறும். கூண்டுக்குள் நாயை விட்டுச் சூடான காற்றைச் செலுத்தும் ட்ரையர் இன்னும் மோசம். நாய்க்கு மனிதரைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சிரமம். கூண்டில் விட்டுவிட்டு ஆள் நகர்ந்தால், திரும்பி வருவதற்குள் உயிர் போய்விடலாம். அமெரிக்காவில் இப்படி நாய்கள் இறந்து செய்தியாகியிருக்கின்றன.

நியூ ஜெர்சி மாநிலத்தில் க்ரூமிங்குக்குப் போன பிஜு என்ற ஷிட்ஸு இறந்துபோனது. க்ரூமர்களுக்கு உரிமம் கட்டாயமாக வேண்டும் என்று அந்த நாயின் பெயரிலேயே அங்கு மசோதா கொண்டுவந்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்தது

1960-ல் நியூயார்க்கில் நாய் க்ரூமிங்குக்கென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. 1969-ல் அமெரிக்காவில் க்ரூமர்களுக்கான தேசிய சங்கம் உருவாகி, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்துச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. பிரிட்டனில் தொழிற்கல்வி நிறுவனமான சிட்டி அண்ட் கில்ட்ஸ், நாய் க்ரூமிங்குக்கு டிப்ளமோ வழங்குகிறது. ஜப்பானில் ‘ட்ரிம்மர்’ என்பது தனிப்படிப்பு. ஜப்பான் கென்னல் கிளப்பின் தேர்வில் ‘சி’ நிலையில் தொடங்கி பி, ஏ என்று ஏறி, அதற்கு மேல் பிறருக்குக் கற்பிக்கும் நிலை வரை போக வேண்டும்.

இந்தப் படிப்புகளில் வெட்டும் ஸ்டைல் ஒரு பகுதிதான். தோல், ரோமம், எலும்பு மூட்டு, நோய் அறிகுறி, முதலுதவி எல்லாம் பாடத்தில் உண்டு. எதைச் செய்யக் கூடாது என்பதும் அதில் முக்கியமான பாடம்.

உதாரணத்துக்கு, வெயில் காலத்தில் வரும் கோரிக்கை: “பாவம், புழுக்கத்துல தவிக்குது. மொட்டை அடிச்சு விட்டுடுங்க.” ஷிட்ஸு, பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்குக் குட்டையாக வெட்டிவிடலாம். பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி இவற்றுக்கு முடி இரண்டு அடுக்கு. வெளியே முரட்டு முடி, உள்ளே பஞ்சு மாதிரி அடர்முடி. உள்ளடுக்கில் உதிர்ந்து தங்கியதைச் சீவி எடுத்தாலே காற்றோட்டம் கிடைத்துவிடும். மொத்தமாக மழித்தால் தோல் நேரடியாக வெயிலில் காயும். சில நாய்களுக்கு, முக்கியமாகப் பொமரேனியனுக்கு, மழித்த இடத்தில் மாதக்கணக்கில் முடி முளைக்காமலே போகலாம். படித்த க்ரூமர் இந்தக் கோரிக்கைக்கு ‘முடியாது’ என்பார். கையில் கிளிப்பர் மட்டும் இருப்பவர், காசை வாங்கிக்கொண்டு மழித்துவிடுவார்.

காதுக்குள் இருக்கும் முடியைப் பிடுங்குவதும், ஆசனவாய்ச் சுரப்பியைப் பிதுக்குவதும் முன்பு குளியலோடு சேர்ந்த சடங்காக இருந்தன. ஆரோக்கியமான நாய்க்கு இவை தேவையில்லை, பிரச்னை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது. மனிதர்களின் ஷாம்புவும் அப்படித்தான் விலக்கப்பட்டது. நம் தோலைவிட நாயின் தோலில் அமிலத்தன்மை குறைவு. நம் ஷாம்பு அதற்கு அரிப்பைத் தரலாம். உண்ணி ஒழிக்க நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை செத்துப்போகலாம். இது ஒரு வரிதான். தெரியாதவர் கையில் ஓர் உயிர் போய்விடும்.

பிடிக்கும் கை மாறியது

பெரிய மாற்றம் இதற்குப் பிறகுதான் வந்தது. “நாய் திமிறினால் இன்னும் இறுக்கிப் பிடி” என்பதுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோஃபியா யின், நாய் பூனைகளைப் பயமுறுத்தாமல் கையாள்வது எப்படி என்று 2009-ல் விரிவான புத்தகம் ஒன்றை வெளியிட்டார். மற்றொரு கால்நடை மருத்துவரான மார்ட்டி பெக்கர், 2016-ல் ‘ஃபியர் ஃப்ரீ’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவமனைகளுக்காக வந்த இந்த முறை க்ரூமிங் மேஜைக்கும் பரவியது.

செய்முறை எளிமையானதுதான். வழுக்கும் மேஜையில் ரப்பர் விரிப்பு போடுவது. முதல் நாளே முடி வெட்டாமல், ஓடாத கிளிப்பரை நாய் மோந்து பார்க்க விடுவது. பிறகு அதை ஓடவிட்டு, தூரத்தில் வைத்து ஒரு தின்பண்டம். இன்னும் கொஞ்சம் பக்கத்தில், இன்னொரு தின்பண்டம். ஒரு காலின் நகத்தை வெட்டிவிட்டு, மற்ற மூன்று கால்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பது. நேரம் பிடிக்கும். ஆனால், மூன்றாவது நான்காவது முறை வரும்போது அந்த நாய் தானாகக் காலை நீட்டக்கூடும்.

நம்ம ஊரில்...

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி. நம் மண்ணின் நாய்களுக்கெல்லாம் குட்டை முடி. ஒரு வாளித் தண்ணீர், உண்ணி பொறுக்க வீட்டில் யாராவது ஒருவர், போதும். தெருவில் ஓடுவதிலேயே நகம் தேய்ந்துவிடும். அதனால் க்ரூமர் என்ற ஆளே அன்று தேவைப்படவில்லை.

நீள முடி நாய்கள் ஃப்ளாட்டுக்குள் வந்ததும் கதை மாறியது. டைல்ஸ் தரையில் நகம் தேயாது. வளைந்து வளர்ந்து பாதத்தையே குத்தும். சென்னையின் ஈரக் காற்றில் நனைந்த முடி சீக்கிரம் காயாது. காயாத முடி சிக்கு விழும். சிக்குக்கு அடியில் உண்ணியும் புண்ணும் வெளியே தெரியாமல் வளரும். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். உடம்பு முழுக்க விரல் விட்டுத் தடவிப் பார்க்கும் க்ரூமர், வீட்டில் கவனிக்காத ஒரு கட்டியைக் கண்டுபிடித்து, “இதை டாக்டர்கிட்ட காட்டிடுங்க” என்று சொல்வது உண்டு. அந்த ஒரு வார்த்தை குளியல் கட்டணத்தைவிட மதிப்பானது.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே வந்துவிட்டது. க்ரூமராகத்தான் இங்கே சட்டப்படி கட்டாயமான தகுதி எதுவும் இல்லை. தனியார் பயிற்சி மையங்கள், ஆன்லைன் வகுப்புகள், இல்லையென்றால் யாரிடமாவது உதவியாளராக நின்று கற்பது என்று ஆளுக்கொரு வழி. யூடியூபைப் பார்த்துக் கற்பவர்களும் உண்டு. வெட்டும் கோணத்தையும் பிளேடு நம்பரையும் வீடியோ நன்றாகவே சொல்லித்தரும். கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது காட்டாது. எடிட் செய்யப்பட்ட அரை நிமிடத்தில் நாயின் நடுக்கமும் வெட்டப்பட்டுவிடும்.

ஆகவே, சோதிக்கும் பொறுப்பு வீட்டுக்காரர்கள் மேல்தான் விழுகிறது.

விடுமுன் விசாரியுங்கள்

• எங்கே, எத்தனை நாள் கற்றார்கள் என்று கேளுங்கள். நல்ல க்ரூமர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

• தடுப்பூசி அட்டையையும், நாயின் வயது, நோய், கடித்த பழக்கம் பற்றியும் அவர்கள் கேட்கிறார்களா? கேட்காத இடத்தில் உங்கள் செல்லத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நாய்க்கும் கேட்டிருக்க மாட்டார்கள்.

• எப்படிக் காய வைக்கிறார்கள்? கூண்டு ட்ரையர் என்றால், கூடவே ஆள் இருப்பாரா?

• வேலை நடப்பதைக் கண்ணாடி வழியாகவோ கேமராவிலோ பார்க்க முடியுமா?

• ஒவ்வொரு நாய்க்கும் பிறகு பிளேடைச் சுத்தம் செய்கிறார்களா?

• சிக்கு அதிகமாகி, முடியை முழுதாக எடுக்க வேண்டிவந்தால், தொடங்கும் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குகிறார்களா?

• மயக்க மருந்து கொடுத்துத்தான் வெட்ட முடியும் என்றால், அது கால்நடை மருத்துவர் இருக்கும் இடத்தில் மட்டும்தான் நடக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. தினமும் ஐந்து நிமிடம் சீப்பு போடுங்கள். பாதத்தையும் காதையும் வாயையும் தொட்டுப் பழக்குங்கள். குட்டியாக இருக்கும்போதே இது நடந்துவிட்டால், க்ரூமரின் கை அதற்குப் புதிதாக இருக்காது.

அடுத்த முறை அழைத்துப் போகும்போது க்ரூமிங் சென்டர் வாசலில் ஒரு நிமிடம் நின்று உங்கள் செல்லத்தைப் பாருங்கள். வாலை ஆட்டிக்கொண்டு உங்களை உள்ளே இழுக்கிறதா, இல்லை படியிலேயே உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்கிறதா? போன முறை உள்ளே என்ன நடந்தது என்று அது தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.