அச்சிற்கு முந்திய வெளியீடு

ஆராய்ச்சி இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரை, அச்சுப்பிரதி வருமுன்னரே இணையத்தில் வெளியிடப்படுதல் இந்நாளைய வழக்கு. அங்ஙனம் முற்பட வந்தது முடிந்த வெளியீடோ, வரைவோ என்னும் ஐயம் எழும். செடிகொடிகளுக்குப் புதுப்பெயரிடுவார்க்கு இவ்வையம் பெரிது. பொதுவிதியால் முந்திய பெயரே நிலைபெறும் ஆகலின்.

2011-இல் மெல்போர்ன் நகரிற் கூடிய பன்னாட்டுத் தாவரவியற் பேரவை இதற்கு விதி வகுத்தது. அதன்படி, பன்னாட்டுப் பதிவெண் பெற்ற இதழிலோ நூலிலோ பி.டி.எப். வடிவில் இணையத்தில் வருவதும், 2012 சனவரி முதல் நாள் தொட்டு வெளியீடேயாம். ஆயின், வரைவென்று அறியப்படுவது கொள்ளப்படாது. வெளியிட்டபின் உள்ளுரையை மாற்றுதலுங் கூடாது. தொகுதியெண், பக்கவெண் ஆகியன பின்னர் வருதலாற் குற்றமில்லை. அவை உள்ளுரையின்பாற் படாமையின்.

ஆகவே, பெயரிடுவார் பிழையறத் திருத்தி முடித்த பின்னரே கட்டுரையை இணையத்திற் சேர்த்தல் கடனென்க.