பொதுத்துறையில் முறைகேடு வெளிப்படுத்தல்

பொதுத்துறையில் முறைகேடு வெளிப்படுத்தல் என்பது, அரசுத் துறை அல்லது அரசு நிறுவனம் ஒன்றில் நடைபெறும் ஊழல், நிதி வீணடிப்பு, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் செயல் முதலியவற்றை, அங்கு பணிபுரிபவரோ விவரம் அறிந்த பிறரோ உரிய நடவடிக்கை எடுக்கக்கூடியவர்களிடம் தெரிவிப்பதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இது விசில் புளோயிங் எனப்படுகிறது. முறைகேட்டை நேரில் காண்பவர்களில் பலர் அதனை முறையிடுவதில்லை. எனவே அவர்களை முறையிடத் தூண்டுபவை எவை என்பது நிருவாகவியலில் முக்கிய ஆய்வுப் பொருளாக உள்ளது.

தூண்டும் காரணிகள்

பயன் விளையும் என்ற நம்பிக்கை: ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் அரசு ஊழியர்களிடையே 1980களில் நடத்தப்பட்ட கருத்தாய்வுகளில், முறையிடாமைக்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது அச்சம் அன்று, முறையிட்டாலும் எதுவும் நடக்காது என்ற எண்ணமே ஆகும்.

அடையாளப் பாதுகாப்பு: முறையிடுபவரின் பெயர் வெளியே தெரியாது என்ற உறுதி.

பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு: இடமாற்றம், பதவிக்குறைப்பு, பணிநீக்கம் ஆகியவற்றைத் தடுக்கும் சட்டங்கள்.

முறைகேட்டின் தன்மை: பாதிப்பு கடுமையாகவும் சான்று உறுதியாகவும் இருக்கும்போது முறையிடும் வாய்ப்பு கூடுகிறது.

பணப்பரிசு: அமெரிக்காவின் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்படி, அரசை ஏமாற்றியவர்மீது அரசின் சார்பில் வழக்குத் தொடுப்பவருக்கு, வழக்கு வெற்றி பெற்றால், மீட்கப்படும் தொகையில் பொதுவாக 15 முதல் 30 விழுக்காடு வரை வழங்கப்படுகிறது.

இந்தியாவில்

இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் பொறியாளர் சத்தியேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகள் குறித்து 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை மறைவாக வைக்குமாறு அவர் கேட்டிருந்தபோதிலும், கடிதம் அவருடைய பெயர் விவரங்களுடனேயே பல அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டது. 2003 நவம்பர் 27 அன்று பீகாரின் கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இது கொள்ளை முயற்சியில் நிகழ்ந்த கொலை என நடுவண் புலனாய்வுச் செயலகம் கூறியது. 2010இல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கொலைக்கும் கடிதத்துக்கும் தொடர்பு நிறுவப்படாவிட்டாலும், முறையிடுபவரின் பெயரைக் காக்க முறையான ஏற்பாடு இல்லாததை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது. இதன் பின்னர் 2004 ஏப்ரலில் நடுவண் அரசு வெளியிட்ட தீர்மானம், இத்தகைய முறையீடுகளைப் பெறும் அமைப்பாக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தை அறிவித்தது. இம்முறையில் பெயரில்லா முறையீடுகள் ஏற்கப்படுவதில்லை. ஆனால் அனுப்பியவரின் பெயர் ஆணையத்தால் மறைவாக வைக்கப்படும். அடையாளம் வெளிப்படாதிருக்க, கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகைகூட அவருக்கு அனுப்பப்படுவதில்லை.

2014இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. முறையிட்டவரின் அடையாளத்தை வெளியிடுபவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. முறையிட்டவர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை பழிவாங்கல் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பையும் அது நிருவாகத்தின்மீதே சுமத்துகிறது. எனினும் இயற்றப்பட்டுப் பத்தாண்டுகள் நிறைவுற்ற 2024 வரையிலும் இச்சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. ஏட்டளவில் நிற்கும் சட்டம், முறையிட்டால் பயன் விளையும் என்ற நம்பிக்கையை ஊழியர்களிடம் ஏற்படுத்துவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005
மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம்
தங்க நாற்கரச் சாலைத் திட்டம்