மழை கொட்டுற ஊரில் ரெண்டு வாளி தண்ணீர்தானா? அந்தமானில் பட்ஜெட் ரூம் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பிப்ரவரி மாதம். ஹேவ்லாக் தீவில் கடலில் ஆட்டம் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் உப்போடு ஃபெர்ரி பிடித்து போர்ட் பிளேர் திரும்பினேன். லாட்ஜ் ரூமுக்குள் நுழைந்து ஷவரைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. கீழே இறங்கிப் போய், "அண்ணே, தண்ணி வரலை" என்றேன். மேனேஜர் தமிழர்தான், பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். "தம்பி, இன்னைக்கு லைன்ல தண்ணி விடுற நாள் இல்ல. டேங்கர் நாளைக்குக் காலைலதான் வரும். ரெண்டு வாளி கொடுத்து விடுறேன், சமாளிச்சுக்கங்க" என்றார்.

1,400 ரூபாய் கொடுத்த ரூமில் ரெண்டு வாளியா என்று கோபம்தான் வந்தது. மறுநாள் காலை டேங்கர் சத்தம் கேட்டு பின்பக்க ஜன்னலைத் திறந்தேன். லாட்ஜின் தொட்டிக்கு டேங்கரிலிருந்து ஹோஸ் போட்டிருந்தார்கள். அதே சந்தில் இருந்த வீடுகளின் வாசலில் நீல டிரம்மும் குடமுமாக வரிசையாக வைத்திருந்தார்கள். அவர்களுக்கு டேங்கர் கிடையாது. குழாயில் தண்ணீர் வரும் நாள்தான் கணக்கு.

சென்னையிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பறந்தால் அந்தமான். லாங் வீக்கெண்டுக்கு பிளான் போடுகிற எல்லோர் லிஸ்ட்டிலும் இருக்கும் ஊர். அங்கே குறைந்த விலையில் ரூம் போடும்போது நாம் பார்ப்பது ஏசி, வைஃபை, ரேட்டிங். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்கணும்?

முதலில், ஊர் பேரே குழப்புதே?

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை 'ஸ்ரீ விஜயபுரம்' என்று மாற்றுவதாக மத்திய அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், ஹேவ்லாக் தீவு 'ஸ்வராஜ் தீவு' ஆகவும், நீல் தீவு 'ஷஹீத் தீவு' ஆகவும் மாறிவிட்டன. பேச்சு வழக்கில் பழைய பெயர்கள் இன்னும் ஓடுகின்றன. ரூம், ஃபெர்ரி தேடும்போது ரெண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.

மொழிக் கவலை பெரிதாக வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் தாய்மொழி வரிசையில் வங்கம், இந்திக்கு அடுத்து மூன்றாவது இடம் தமிழுக்குத்தான். அபர்தீன் பஜாரில் நின்றால் நாலு கடையில் ஒரு கடையிலாவது "வாங்க தம்பி" கேட்கும்.

சென்னையைவிட ரெண்டு மடங்கு மழை... அப்புறம் ஏன் தட்டுப்பாடு?

போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையின் சராசரி சுமார் 1,400. தென்மேற்கு, வடகிழக்கு என ரெண்டு பருவமழையும் தீவுகளை நனைத்துவிட்டுத்தான் போகும். வானத்திலிருந்து வருவதில் குறை இல்லை. பிடித்து வைக்க இடம் இல்லாததுதான் பிரச்சினை.

தீவு ஒல்லியானது. மலைச் சரிவிலிருந்து கடல் கொஞ்ச தூரம்தான். பெய்யும் மழையில் பெரும்பகுதி ஓடைகள் வழியாகச் சட்டென்று கடலுக்குப் போய்விடும். காவிரி, வைகை மாதிரி பெரிய ஆறும் கிடையாது. கடலோரத்தில் கண்டபடி போர் போட்டு உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே வந்துவிடும் ஆபத்து உண்டு. நகரத்துக்கான குடிநீர் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும் தானிகாரி அணையை நம்பித்தான் இருக்கிறது. 2011-லேயே ஒரு லட்சம் பேரைத் தாண்டிய நகரம் இது. அணையில் மட்டம் இறங்கினால் குழாயில் தினமும் தண்ணீர் வருவது நின்றுவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், மோசமான கோடையில் அதைவிட அதிக இடைவெளி என்று முறை வைத்துத்தான் விடுவார்கள்.

2019 கோடை சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓஎம்ஆர் கம்பெனிகள் சில, தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 1,300 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவுக்கு அந்த ரயில் வசதியும் இல்லை.

நாம போறதே தப்பான நேரத்துலயா?

கேட்க சங்கடமா இருந்தாலும், ஒரு வகையில் ஆமாம்.

அந்தமானில் மழை மிகக் குறைவாகப் பெய்யும் காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கடல் அமைதியாக, தண்ணீர் தெளிவாக இருப்பதும், ஸ்கூபாவுக்கும் ஸ்நார்க்லிங்குக்கும் தோதாக இருப்பதும் இதே மாதங்கள்தான். தென்மேற்குப் பருவமழை மே மூன்றாம் வார வாக்கில்தான் தீவுகளைத் தொடும். ஆக, அணையில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும் நேரமும் ஹோட்டல்கள் நிரம்பி வழியும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

இதில் இன்னொன்று. கடலில் இறங்கிவிட்டு வருகிறவர் ஒரு குளியலோடு நிறுத்தமாட்டார். உப்பைக் கழுவ ஒரு குளியல், ராத்திரி வெக்கைக்கு ஒரு குளியல், ஈரத்துணியை அலச இன்னொரு வாளி. வீட்டில் செலவழிப்பதைவிட அதிகத் தண்ணீரை, வீட்டைவிடத் தண்ணீர் குறைவான ஊரில் செலவழிக்கிறோம்.

ஒரு சின்ன லாட்ஜுக்கு எவ்வளவு தண்ணீர் வேணும்?

குடிநீர்த் திட்டங்களுக்கு இந்தியாவில் பயன்படுத்தும் அளவுகோலின்படி, பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். ஹோட்டலில் ஒரு படுக்கைக்கு 180 லிட்டர். 20 ரூம், ரூமுக்கு ரெண்டு பேர் என்று வைத்தால் 40 படுக்கை. ஒரு நாளைக்கு 7,200 லிட்டர்.

குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லாட்ஜ் 21,600 லிட்டர் பிடித்து வைக்கும் தொட்டி கட்டியிருக்கணும். இல்லையென்றால் டேங்கர் வாங்கணும். பெரிய ரிசார்ட்டுக்கு இடமும் பணமும் இருக்கும். பஜாருக்குள் நெருக்கி நிற்கும் நாலு மாடி லாட்ஜுக்குத் தொட்டி கட்ட இடமே இருக்காது. டேங்கர் செலவை ரூம் வாடகையில் ஏற்றினால் ஆன்லைனில் நாம் அடுத்த லாட்ஜுக்கு ஸ்க்ரோல் பண்ணிவிடுவோம். மிச்சம் இருக்கும் ஒரே வழி, ஷவரை மூடி வாளியைக் கொடுப்பது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை போகும். பத்து நிமிடம் நின்றால் 80 முதல் 100 லிட்டர். வாளிக் குளியல் என்றால் 20 முதல் 40 லிட்டரில் முடிந்துவிடும். எனக்கு வந்த ரெண்டு வாளியில் ஒன்றே முக்கால்தான் செலவானது.

கரன்ட், நெட் எல்லாம் எப்படி?

தீவுகள் நம்முடைய மின்கட்டமைப்போடு இணைக்கப்படவில்லை. அங்கே மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில்தான் தயாராகிறது, அந்த டீசலும் கப்பலில் வரணும். கரன்ட் போனால் லாட்ஜின் ஜெனரேட்டரில் லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடலாம். ஏசி ஓடுமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெட் விஷயத்தில் நிலைமை நிறைய மாறியிருக்கிறது. முன்பு எல்லாமே சாட்டிலைட் இணைப்பு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட ஆப்டிகல் ஃபைபர் கேபிள் செயல்பாட்டுக்கு வந்தது. சின்ன லாட்ஜ்கள்கூட இன்று ஆன்லைன் புக்கிங், யுபிஐ என்று இருப்பதற்கு இந்த கேபிள் முக்கியக் காரணம். ஆனாலும் தீவு விட்டுத் தீவு போகும்போது சிக்னல் காணாமல் போகும். கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்வது நல்லது. 'வொர்க்கேஷன்' என்று லேப்டாப்போடு போகிறவர்கள் முக்கியமான மீட்டிங் நாளில் ஃபெர்ரி பயணம் வைக்காதீர்கள்.

எந்த ஏரியாவில் ரூம் போடலாம்?

ஒன்றை முதலிலேயே தெரிஞ்சுக்கணும். ஊருக்கு நடுவில் குளிக்கிற மாதிரி பீச் கிடையாது. பக்கத்தில் இருப்பது கோர்பின்ஸ் கோவ், அதற்கே ஆட்டோ பிடிக்கணும். 'சீ வியூ' என்று போட்டிருந்தால் அது துறைமுகக் காட்சியாகவும் இருக்கலாம்.

* அபர்தீன் பஜார்: சாப்பாடு, பஸ் ஸ்டாண்ட், கடைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரம். செல்லுலார் சிறையும் பக்கம். சத்தம் இருக்கும்.
* ஃபீனிக்ஸ் பே, ஹாடோ: துறைமுகப் பக்கம். காலை ஃபெர்ரிக்கு ஓடுகிறவர்களுக்குச் சௌகரியம். டிக்கெட்டில் எந்த ஜெட்டி என்று போட்டிருக்கிறது எனப் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள்.
* லாம்பா லைன்: விமான நிலையத்துக்குப் பக்கம். கடைசி ராத்திரிக்கு ஏற்றது.

இன்னொரு விஷயம், நேரம். இந்திய நேரம்தான், ஆனால் சூரியன் சென்னையைவிட சுமார் 50 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். டிசம்பரில் சாயங்காலம் 5 மணிக்கே இருட்டத் தொடங்கும். ஊரும் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் அடங்கும். பல லாட்ஜ்களில் செக்-அவுட் 12 மணி கிடையாது, காலை 8 அல்லது 9 மணிக்கே ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள். மதிய ஃபிளைட் என்றால் லக்கேஜை வைத்திருப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பில்லில் என்ன பார்க்கணும்?

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூம்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 1,400 ரூபாய் ரூமுக்கு முன்பு 168 ரூபாய் வரி, இப்போது 70. பில்லில் இன்னும் 12 சதவீதம் போட்டிருந்தால் கேளுங்கள். அடையாளத்துக்கு ஆதார் காப்பி கொடுப்பதாக இருந்தால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

புக் பண்ணும் முன் போன் போட்டுக் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்த மாதம் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருது? வராத நாளில் என்ன செய்வீங்க?
2. ரூமில் தண்ணீர் 24 மணி நேரமா, இல்லை நேரம் வைத்து விடுவீங்களா?
3. குடிக்கிற தண்ணீர் பிடிச்சுக்க ஃபில்டர் இருக்கா?
4. கரன்ட் போனால் ஏசி ஓடுமா?
5. செக்-அவுட் எத்தனை மணி?

முதல் கேள்விக்கு "அதெல்லாம் பிரச்சினையே இல்லை" என்று ஒரே வரியில் முடிக்கிறவரைவிட, "மூணு நாளைக்கு ஒரு தடவை வரும், நடுவுல டேங்கர் வாங்குறோம்" என்று விவரம் சொல்கிறவரை நம்பலாம்.

மழைக்காலத்தில் போனால்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை ரூம் விலை இறங்கும், கூட்டம் குறையும், அணைக்கும் தண்ணீர் வரும். ஆனால் கடல் கொந்தளித்தால் ஃபெர்ரி ரத்தாகும், ஸ்கூபாவும் நடக்காமல் போகலாம். ஃபிளைட்டுக்கு முந்தைய ராத்திரியை எப்படியும் போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டு ஃபிளைட்டை விட்டவர்களின் கதைகள் அங்கே நிறைய. பருவமழை முடிந்து அணை ஓரளவு நிறைந்திருக்கும் டிசம்பர், வானிலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சமரசம். விலைதான் அப்போது ஏறும்.

எப்போது போனாலும் செய்யக்கூடியவை சின்ன விஷயங்கள்தான். ஷவருக்குப் பதில் வாளி. பெட்ஷீட், டவலைத் தினமும் மாற்றச் சொல்லாமல் இருப்பது. ஒழுகும் குழாயைப் பார்த்தால் உடனே ரிசப்ஷனில் சொல்வது. நாம் மிச்சம் பிடிக்கும் தண்ணீர் நேராகப் பின்சந்து வீட்டின் குடத்துக்குப் போய்விடாது. ஆனால் லாட்ஜும் அந்த வீடும் ஒரே அணையை நம்பித்தான் இருக்கின்றன.

ஊருக்கு வந்ததும் அந்த லாட்ஜுக்கு ரிவ்யூ எழுதினேன். ஷவர் வராத அன்று ராத்திரி மனதுக்குள் போட்டிருந்தது ஒரு ஸ்டார். கடைசியில் கொடுத்தது நாலு. கூடவே, "பிப்ரவரியில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், வாளி தருவார்கள், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்" என்றும் சேர்த்தேன். அடுத்து போகிறவருக்கு அந்த வரி உதவும். நீங்கள் போய்வந்தாலும் எந்த மாதம், தண்ணீர் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.