தாய்மொழிக்குத் திரும்பிய ஆபிரிக்க எழுத்தாளர்

1960 ஆம் ஆண்டில் மாத்திரம் ஆபிரிக்கக் கண்டத்தில் 17 நாடுகள் அந்நியராட்சியினின்றும் விடுபட்டன. கென்யா 1963 டிசெம்பர் 12 ஆம் நாள் சுதந்திர நாடாயிற்று. கொடிகள் மாறின, புதிய கீதங்கள் இசைக்கப்பட்டன, அரச மாளிகைகளிலே புதியவர்கள் குடிபுகுந்தனர். இவையெல்லாம் ஒரு பகற்பொழுதிலே நடந்து முடியக்கூடியவை. ஆனால், 'நம்முடையது தாழ்ந்தது' என்று தலைமுறை தலைமுறையாக ஒரு சமுதாயத்தின் உள்ளத்திலே ஊன்றப்பட்ட எண்ணம் எப்பொழுது அகலும்? இவ்வினாவை வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்தவர் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ.

லிமூரு நகருக்கு அண்மையிலுள்ள கமிரீது கிராமத்திலே, கிகூயு இனத்துக் குடியானவக் குடும்பமொன்றில் 1938 இல் அவர் பிறந்தார். ஞானஸ்நானத்தின்போது இடப்பட்ட பெயர் ஜேம்ஸ். பிற்காலத்தில் அதனைத் துறந்தார். பகலிலே பிறர் நிலங்களில் தேயிலைக் கொழுந்தும், பூச்சிமருந்துக்கு உதவும் பைரித்திரப் பூவும் பறித்த சிறுவர்கள், இரவிலே அடுப்பங்கரையைச் சூழ்ந்திருந்து கதை கேட்டனர். அக்கதைகளில் வலிமையற்ற முயல் தன் புத்தியினாற் சிங்கத்தையும் கழுதைப்புலியையும் வென்றுவிடும். கேட்டிருந்த எளியவர்க்கு அம்முயல் தம்முள் ஒருவராகவே தோன்றியது. வீட்டிற் பேசிய மொழியும், வயலிற் பேசிய மொழியும், முதல் வகுப்புகளிற் பயின்ற மொழியும் ஒன்றாகவே இருந்தன.

1952 இல் கென்யாவில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. சுதேசிகள் தாமே நடாத்திவந்த பாடசாலைகளைக் குடியேற்ற அரசாங்கம் கைப்பற்றி, ஆங்கிலேயர் தலைமையிலான கல்விச் சபைகளின் கீழ்க் கொண்டுவந்தது. அதன் பின்னர் பாடசாலைச் சூழலிற் கிகூயு பேசிய பிள்ளைக்குப் பிரம்படி கிடைத்தது. அல்லது 'நான் கழுதை' என்றாற்போன்ற வாசகம் பொறித்த உலோகத் தகடு கழுத்திலே தொங்கவிடப்பட்டது. குற்றவாளியைக் கண்டுபிடித்த முறையோ இன்னும் கொடியது. ஒரு பிள்ளையிடம் பொத்தான் ஒன்று கொடுக்கப்படும். தாய்மொழி பேசும் வேறொரு பிள்ளையைக் கண்டால் அதனிடம் அப்பொத்தானைக் கைமாற்ற வேண்டும். மாலையில் எப்பிள்ளையிடம் அது இருக்கின்றதோ, அப்பிள்ளை தனக்கு அதனைத் தந்த பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும். அது தனக்கு முந்தியதைக் காட்டிக்கொடுக்கும். ஆசிரியர் எவரும் ஒளிந்திருந்து பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளே ஒருவர்க்கொருவர் ஒற்றராயினர். பிரம்படியின் தழும்பு ஆறிவிடும். தோழனைக் காட்டிக்கொடுத்த நினைவு அவ்வளவு எளிதில் ஆறுமோ?

பரீட்சையும் இதே வழியிற் சென்றது. 1954 இல் அவருடன் படித்த மாணவனொருவன் ஏனைய பாடங்கள் யாவற்றிலும் அதிவிசேட சித்தி பெற்றும், ஆங்கிலத்திலே தவறியமையாற் பரீட்சை முழுவதிலுமே தவறியவனாகக் கணிக்கப்பட்டான். பின்னர் அவன் பஸ் கம்பனியொன்றில் எடுபிடி வேலைக்குப் போனான். மற்றப் பாடங்களிற் சாதாரண சித்தியும் ஆங்கிலத்தில் திறமைச் சித்தியும் பெற்ற கூகிக்கு, நாட்டின் சிறந்த கல்லூரிகளுள் ஒன்றான அலையன்ஸ் உயர்தரப் பாடசாலையில் இடங் கிடைத்தது. கல்வித்துறையிலிருப்போர் சற்று நின்று சிந்திக்கவேண்டிய செய்தி இது.

1962 இல் உகண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியிலே ஆபிரிக்க எழுத்தாளர் மாநாடு ஒன்று கூடிற்று. ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கென்றே கூட்டப்பட்டது அது. இரண்டொரு சிறுகதைகளே வெளியிட்டிருந்த மாணவர் கூகி அதற்கு அழைக்கப்பட்டார். சுவாகிலி மொழியிற் கவிதையும் உரைநடையுமாகப் பல நூல்களை ஆக்கிய சபான் றொபேட்டுக்கு அங்கு இடமிருக்கவில்லை. பின்னர் 1964 முதலாக கூகியின் ஆங்கில நாவல்கள் வெளிவந்து பெரும் புகழீட்டின. அந்நாவல்களிலே நடமாடிய உழவரும் தொழிலாளருமோ அவற்றைப் படிக்க இயலாதவராயிருந்தனர்.

நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சேபே இவ்விடயத்தில் வேறு கருத்துடையவர். நூற்றுக்கணக்கான மொழிகள் வழங்கும் தம் நாட்டிலே பலரையும் இணைக்கும் மொழி ஆங்கிலமே என்றும், ஆபிரிக்க அனுபவத்தைச் சுமக்கத்தக்கதாக அதனை வளைத்துக்கொள்ளலாம் என்றும் அவர் வாதிட்டார். இதனை இலேசிலே தள்ளிவிட முடியாது. இக்போ மக்களின் பழமொழிகளையும் வழக்கங்களையும் அவரது 1958 ஆம் ஆண்டு நாவல் உலகெங்குங் கொண்டுசென்றதன்றோ! ஆயினும், உலகம் கேட்பது வேறு, ஊர் கேட்பது வேறு.

ஊர் கேட்டால் என்ன நிகழும் என்பது 1977 இல் தெரியவந்தது. அதற்கு முந்திய ஆண்டிலே கமிரீது கிராமத்துப் பெண்மணியொருவர் கூகியின் வீட்டுக்கு வந்து, படித்தவர் தம் கல்வியைக் கிராமத்தோடு பகிர்ந்துகொள்ளலாகாதா என்று கேட்டார். அக்கேள்வியினின்றும் பிறந்ததொரு நாடகம். கூகி வா மிரீ என்பவருடன் சேர்ந்து கிகூயு மொழியில் அதனை எழுதினார். திறந்தவெளி அரங்கினைக் கிராமத்தவரே கட்டினர். ஒத்திகையும் வெளியிலேயே நடைபெற்றமையால், பார்த்திருந்தவர்கள் இடைமறித்துத் திருத்தினர். முதியவர் பேச்சு இப்படியா அமையும், இப்பழமொழி இவ்விடத்திலா வரும் என்று கேட்டனர். புகழ்பெற்ற எழுத்தாளர் தம் சொந்த மொழியிலே மறுபடியும் மாணாக்கரானார்.

ஆறு வாரங்கள் நடைபெற்ற நாடகத்தை அரசாங்கம் நிறுத்தியது. ஆண்டின் முடிவிலே கூகி கைதாகி, விசாரணையின்றிக் கமித்திச் சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வரசாங்கம் விடுதலையின் பெயராற் பதவிக்கு வந்த அரசாங்கம் என்பதை நேயர்கள் மறத்தலாகாது. புதிய ஆட்சியாளரைக் கடுமையாகச் சாடிய அவருடைய ஆங்கில நாவலொன்றும் அதே ஆண்டில் வெளிவந்தது. அதன் வெளியீட்டு விழாவிலே அமைச்சர் ஒருவரே கலந்துகொண்டார்!

சிறையிலே கொடுக்கப்பட்ட மலகூடக் காகிதத்தில், கிகூயு மொழியிலே தம் முதல் நாவலை அவர் எழுதினார். உடலை உறுத்தும் அந்த முரட்டுக் காகிதம் பேனாவுக்கு வாய்ப்பாக இருந்ததாம். 1978 டிசெம்பரில் விடுதலையானார். 1980 இல் நூல் வெளியாயிற்று. தமிழிலும் அது 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் வந்துள்ளது. கென்யாவில் வீடுகளிலே எழுத்தறிந்த ஒருவர் படிக்க ஏனையோர் கேட்டனர். மதுச்சாலைகளிலோ, படிப்பவர் சுவையான கட்டத்திலே நிறுத்தி, வெறுமையான தம் கிண்ணத்தைச் சுட்டிக்காட்டுவார். கேட்டிருந்தவர்கள் அதனை நிரப்புவித்த பின்னரே கதை தொடரும்.

1982 இல் கமிரீது அரங்கு இடித்துத் தள்ளப்பட்டது. அவ்வாண்டில் வெளிநாடு சென்றிருந்த கூகி, மீண்டும் சிறைப்பட நேரும் என அறிந்து நாடு திரும்பவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவிலே பேராசிரியராயிருந்து, கிகூயுவில் எழுதித் தாமே ஆங்கிலத்திலும் பெயர்த்துவந்த அவர், 2025 மே 28 ஆம் நாள் அங்கேயே காலமானார்.