‘என்லார்ஜ்மென்ட்’ என்னும் சொல்லும் தமிழ் வழக்கும்

ஆங்கிலத்தில் ‘என்லார்ஜ்மென்ட்’ என்பது ஒரு பொருள் முந்தைய அளவினும் பெரிதாதலைக் குறிக்கும். பெரிதானதன் காரணத்தைக் குறியாது. (ஒருவரைப் பிணையில் விடுவித்தலையும் நம் நீதிமன்ற ஆங்கிலம் இதன் வினைவடிவால் சுட்டும், அது இங்கு வேண்டா.) நிழற்படத்திற்கும் ஈரலுக்கும் சொல் ஒன்றே. தமிழிலோ நிழற்படம் ‘உருப்பெருக்கம்’ பெறுகிறது. உறுப்பு ‘வீக்கம்’ காண்கிறது. பின்னதே ஆராயத்தக்கது.

இதற்குக் கோலார் தங்கவயலைக் களமாகக் கொள்ளலாம். அங்குச் சுரங்கத் தொழிலாளருள் பெரும்பான்மையர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். பாறையைத் துளைக்கையில் எழும் நுண்தூசு நுரையீரலில் தங்கிச் ‘சிலிக்கோசிஸ்’ நோயை விளைத்தது. 1940இல் மைசூர் அரசு இந்நோய்க்கென விதிகள் வகுத்தது. அப்பத்தாண்டில் நிகழ்ந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும் தூசு நின்ற பின்னும் முற்றும் இயல்பினது இந்நோய்.

முற்றிய நிலையில் நுரையீரல் இறுகுகிறது. அதனுள் குருதியைச் செலுத்த இதயத்தின் வலப்பகுதி மிகுதியாக உழைத்துத் தசை தடித்துப் பின் விரிகிறது. குருதி தேங்கி ஈரல் பருக்கிறது. கால்களில் நீர் கோக்கிறது. மருத்துவ அறிக்கை முன்னிரண்டையும் ‘என்லார்ஜ்மென்ட்’ என்றும், காலில் காண்பதை ‘எடிமா’ என்றும் பிரித்துரைக்கும். தமிழில் இதய வீக்கம், ஈரல் வீக்கம், கால் வீக்கம் என மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. வீங்கியது வடியும் என்பது கேட்போர் உள்ளத்தில் இயல்பாக எழும் எண்ணம். காலில் கோத்த நீர் மருந்தால் வடியும். தடித்த இதயத் தசை அவ்வாறு வடிவதன்று. கால் வடிந்ததும் நோய் தீர்ந்ததெனக் கருதி மருந்தை நிறுத்துதற்கு இச்சொல்லே இடந்தருகிறது.

சங்க இலக்கியத்தில் ‘வீங்கு’ என்பது பெருத்தல், மிகுதல் என்னும் பொதுப்பொருளில் வழங்கியது. இன்று அப்பொதுமை தேய்ந்து, ‘பணவீக்கம்’ போன்ற ஆக்கங்களில் எஞ்சியுள்ளது. ஆதலின் பழம்பொருளைக் காட்டி ‘இதய வீக்கம்’ என்பதை நிலைநாட்டுதல் பொருந்தாது.

வேண்டுவது புதுச்சொல்லும் அன்று. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கணுக்கள் பெருத்தலை மக்கள் ‘நெறிகட்டுதல்’ என்பர், கால் ‘நீர்கோக்கும்’, வயிறு ‘உப்பும்’. பெருத்தது எது, எவ்வாறு என்பதை இவ்வினைகள் உடனுரைக்கின்றன. ஆங்கிலச் சொல் செய்யாத பணி இது. கலைச்சொல் அகராதிகள் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடும் முறையை இவ்விடத்தில் கைவிட்டு, இதயத் தசை தடித்தல், இதய அறை விரிதல், ஈரல் பருத்தல், கால் நீர்கோத்தல் என வினைவழிப் பிரித்துத் தருதல் வேண்டும். ‘வீக்கம்’ என்பதை, அடிபட்டோ அழற்சியாலோ சிவந்து வலிக்கும் உறுப்பிற்கே ஒதுக்கிவிடலாம்.